புது சென்சர் போட்டும் அதே பிழைக் கோடு வந்தால்…

கேள்வி: திருவொற்றியூரில் கடலோரமாகக் குடியிருக்கிறேன். என் பெட்ரோல் காரில் செக் என்ஜின் லைட் எரிகிறது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. ஸ்கேனரில் பி0118 என்ற பிழைக் கோடு (எரர் கோட்) வந்ததால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரை மாற்றினார்கள். சில நாளிலேயே அதே கோடு. இன்னொரு சென்சர் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பி0118 சென்சரைக் குறை சொல்லவில்லை. அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று மட்டுமே சொல்கிறது. ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரு ரெசிஸ்டர் வழியாக சென்சருக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. என்ஜின் சூடாகச் சூடாக சென்சரின் மின்தடை குறைந்து வோல்டேஜும் இறங்கும். நடுவில் ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். வெப்பம் தெரியாத ஈசியு, என்ஜினைக் காப்பாற்ற ஃபேனை ஓட விடுகிறது.

என்ஜின் ஆறியதும் சென்சரின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஃபேன் சட்டென்று சுற்றும், கை பத்திரம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் ஒயர் பக்கக் கனெக்டரின் இரண்டு பின்னையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும். எதிலும் வராவிட்டால் சிக்னல் ஒயரில் அல்லது ஈசியுவில் கோளாறு. வந்தால், இரண்டு பின்னுக்கும் இடையே அளவெடுங்கள். அங்கே வராவிட்டால் கிரவுண்ட் ஒயர் போய்விட்டது.

இந்த இரண்டு சோதனையிலும் 5 வோல்ட் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், அரித்துப்போன ஒயரும் அதில் நல்ல ஒயர் மாதிரியே காட்டும். அதனால் ஒரு துண்டு ஒயரால் இரண்டு பின்னையும் இணைத்து ஸ்கேனரைப் பாருங்கள். (இரண்டு பின் சென்சருக்கு மட்டும்தான் இது, மூன்று பின் இருந்தால் செய்யவே கூடாது.) அளவு நூறு டிகிரியை நன்றாகத் தாண்டி எகிறினால் ஒயரிங் சரி, சென்சரையோ, கனெக்டர் பின்னின் பிடிப்பையோ சந்தேகிக்கலாம். பாதியில் நின்றால் வழியில் அரிப்பு இருக்கிறது.

உங்கள் பகுதியில் நான் முதலில் சந்தேகிப்பது இந்த அரிப்பைத்தான். எண்ணூர் முதல் காசிமேடு வரை உப்புக்காற்று. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் வேறு. பின்னில் பச்சைக் களிம்பு தெரிந்தால் ஒயரின் உள்ளேயும் செம்பு கறுத்திருக்கலாம். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, ஒயரோடு வரும் புது கனெக்டரை சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போடச் சொல்லுங்கள். ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரியுங்கள். வெறும் டேப் சுற்றினால் உப்பு மறுபடி ஏறிவிடும்.

வேலை முடிந்து ஸ்கேனரில் அந்தப் பிழைக் கோடு அழிக்கப்பட்டதும், என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், அந்த ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள். ஸ்கேனரில் டிகிரி குதித்தால், கை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு முறிவு இருக்கிறது.