கதையில் அரசியலே இல்லாத படத்திலும் கருத்தியல் இருக்கிறதா?

இருக்கிறது. கட்சிக் கொடியும் மேடைப் பேச்சும் வந்தால்தான் அரசியல் படம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

இதைக் கூர்மையாகச் சொன்னவர்கள் 'காயே து சினிமா' என்ற பிரெஞ்சு இதழின் ஆசிரியர்களான ழான்-லூயி கொமொலியும் ழான் நர்போனியும். பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய 1968 மே கிளர்ச்சிக்கு அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் அவர்கள் வைத்த வாதம் இது: கேமரா உலகை உள்ளபடி பதிவு செய்வதில்லை, 'உலகம் இப்படித்தான்' என்று ஆளும் கருத்தியல், அதாவது அதிகாரத்தில் இருப்போரின் உலகப் பார்வை, நம்மை நம்பவைத்திருக்கிறதே, அதைத்தான் பதிவு செய்கிறது. இதற்குப் பின்னணியில் தத்துவவாதி லூயி அல்தூசர் இருந்தார். அவரைப் பொறுத்தவரை கருத்தியல் வெறும் பொய்ப் பிரச்சாரம் அல்ல. நம் வாழ்நிலையோடு நமக்குள்ள உறவை நாம் கற்பனை செய்துகொள்ளும் விதம்.

படங்களை அவர்கள் ஏழு வகையாகப் பிரித்தார்கள். என்னை மிகவும் ஈர்ப்பது ஐந்தாவது வகை. மேலோட்டமாகப் பார்த்தால் ஆளும் கருத்தியலுக்கு அடங்கிய படம்; ஆனால் அதன் வடிவத்துக்குள்ளேயே விரிசல் தெரியும். அமெரிக்க அதிபர் லிங்கனின் இளமைக் காலத்தைச் சொல்லும், ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'யங் மிஸ்டர் லிங்கன்' (1939) படத்தை 1970இல் அந்த இதழின் குழு காட்சி காட்சியாக இப்படித்தான் வாசித்தது. லிங்கனை அரசியலுக்கு அப்பாற்பட்ட நீதிமானாக நிறுத்தப் படம் முயல்கிறது. அந்த முயற்சியே அவருடைய பார்வையை உறைந்துபோன, அச்சமூட்டும் ஒன்றாக மாற்றிவிடுகிறது. எவ்வளவு நுட்பமான வாசிப்பு!

ஒரு குறையும் உண்டு. இந்த ஆய்வு மரபு பார்வையாளரைப் பெரும்பாலும் திரைக்குக் கட்டுப்பட்டவராகவே கருதியது. அவர் படத்தோடு முரண்படலாம், தன் அனுபவத்தைக் கொண்டு வேறு பொருள் காணலாம் என்பதைப் பின்னர் ஸ்டூவர்ட் ஹால் போன்ற பண்பாட்டு ஆய்வாளர்கள்தான் அழுத்திச் சொன்னார்கள்.