ராக் பாடல்களில் மறைபொருள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' சாத்தான் வழிபாட்டைப் பாடுகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மையன்று. 1976இல் வெளிவந்த இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடலான அது, அமெரிக்கக் கனவின் இருண்ட பக்கத்தைப் பற்றியது என்று அதை எழுதியவர்களுள் ஒருவரான டான் ஹென்லி பலமுறை விளக்கியிருக்கிறார். உறையில் இருப்பது பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலே தவிர, எந்தச் சாத்தான் கோயிலும் அன்று. சாத்தானைத் தேடுவோர் அப்பாடலில் உண்மையாகவே இருக்கும் குறிப்பைத் தவறவிடுகிறார்கள். ஸ்டீலி டான் குழு அதே ஆண்டில் தன் பாடலொன்றில் ஈகிள்ஸ் குழுவைச் சீண்டியிருந்தது. 'ஹோட்டல் கலிபோர்னியா'வில் வரும் எஃகுக் கத்திகள் ('ஸ்டீலி நைவ்ஸ்') அச்சீண்டலுக்கான குறும்பான மறுமொழி.

கேள்வி: லெட் ஸெப்பெலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டால் சாத்தான் துதி கேட்கிறதே?

பதில்: உங்களுக்குக் கேட்டது, என்ன கேட்க வேண்டும் என்று முன்பே ஒருவர் சொல்லிவைத்ததால்தான். எதுவும் சொல்லாமல் நண்பர் ஒருவருக்கு அப்பகுதியைப் போட்டுக்காட்டுங்கள். அவருக்கு வெறும் முனகலே கேட்கும். அந்த வரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். இப்போது சொல் சொல்லாகக் கேட்பதாகச் சொல்வார். இந்த மயக்கம் நீதிமன்றம் வரை போனதுண்டு. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாடலொன்றில் ஒளிந்திருந்த கட்டளையே இரு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தொடுக்கப்பட்ட வழக்கு 1990இல் விசாரணைக்கு வந்தபோது, பாடகர் மூச்சுவிட்ட ஒலியும் கிட்டார் ஒலியும் தற்செயலாக ஒன்றுகூடியதே கட்டளைபோல் கேட்டது என்று நீதிபதி முடிவுசெய்து, குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

கேள்வி: அப்படியானால் யாருமே பின்னோக்கிய செய்தியை ஒளித்ததில்லையா?

பதில்: ஒளித்திருக்கிறார்கள், பெரும்பாலும் கேலிக்காக. பிங்க் ஃபிளாய்டின் 'எம்ப்டி ஸ்பேசஸ்' (1979) பாடலில் ஓரிடத்தைத் திருப்பிப் போட்டால், இரகசியச் செய்தியைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துத் தெரிவிக்கும் குரல் தெளிவாகவே கேட்கும். அதற்கு எவருடைய வழிகாட்டலும் வேண்டியதில்லை.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாடல் தலைப்பின் முதலெழுத்துகள் எல்.எஸ்.டி. போதைப்பொருளைத்தானே குறிக்கின்றன?

பதில்: மகன் ஜூலியன் தன் வகுப்புத் தோழியை வரைந்துவந்து சொன்ன பெயரே தலைப்பாயிற்று என்று அக்குழுவின் ஜான் லெனான் இறுதிவரை சொன்னார். பாடலின் படகுக் காட்சிக்கு லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையைக் காட்டினார்.

மறுப்பு (அதே வாசகர்): அதே குழுவின் பால் மக்கார்ட்னியே 2004இல் அது எல்.எஸ்.டி. பற்றியதென்பது வெளிப்படை என்று ஒப்புக்கொண்டாரே! பாடலைத் தடைசெய்துவிடுமோ என்று பிபிசி வானொலிக்கு அஞ்சி லெனான் மறைத்திருக்கலாம் அல்லவா?

பதில்: அஞ்சும் மனிதராக அவர் நடந்துகொள்ளவில்லை. 'ஷி செட் ஷி செட்' (1966) பாடல் எல்.எஸ்.டி. மயக்கத்தில் கேட்ட பேச்சிலிருந்து பிறந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொன்னவர் இதை மட்டும் மறைக்கக் காரணம் என்ன? மக்கார்ட்னியின் கூற்றை நான் ஒதுக்கவில்லை. அக்காலப் போதை அனுபவத்தின் சாயல் பாடலின் காட்சிகளில் படிந்திருக்கிறது. சாயல் படிவது வேறு, எழுத்துகளைத் திட்டமிட்டு அடுக்குவது வேறு.

மறுப்பு (இன்னொரு வாசகர்): காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினால் இரு பொருளையும் ஏற்கிறோம். லெனானுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. சிலேடையில் இரண்டாம் பொருள் முதற்சொல்லிலிருந்து இறுதிச்சொல்வரை அறுபடாமல் ஓடும். இங்கே அது தலைப்பின் மூன்று எழுத்துகளோடு நின்றுவிடுகிறது. லெனானுக்கு வாசகரைக் குழப்ப வேண்டுமென்றால் அதை முழுமையாகவே செய்வார். தாம் படித்த குவாரி பேங்க் பள்ளியில் பீட்டில்ஸ் வரிகளுக்குப் பொருள் ஆராய்கிறார்கள் என்று மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் கிடைத்த பிறகே, உரைகாரர்கள் திணறட்டும் என்று 'ஐ ஆம் தி வால்ரஸ்' (1967) பாடலை எழுதினார்.

கேள்வி: பால் மக்கார்ட்னி 1966லேயே இறந்துவிட்டார் என்று பீட்டில்ஸின் 'ஆபி ரோடு' இசைத்தொகுப்பின் உறை காட்டுகிறதாமே?

பதில்: அவர் 2004இல் சொன்னதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தமிழ்த் திரைப்பாடல்களின் மறைபொருளையும் விளக்குவீர்களா?

பதில்: என் துறையன்று, திரையிசை ஆய்வாளர்களைக் கேளுங்கள்.

கேள்வி: வேறொரு பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டபோது எனக்கு ஏதோ பெயர் கேட்டது. கேட்டுப் பார்க்கிறீர்களா?

பதில்: எந்தப் பெயர் என்பதை எனக்குச் சொல்லாமல் பாடலை மட்டும் அனுப்புங்கள்.