பொந்து வாசலில் ஆந்தைக் குஞ்சுகள்: படம் ஏன் கலங்குகிறது?

ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/30 வைத்து எடுத்த ஆந்தைக் குஞ்சுப் படங்கள் ஏன் கலங்குகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 800-இலேயே பிடித்து வைத்திருப்பதுதான் சிக்கல். 6400-க்கு ஏற்றுங்கள். அதே வெளிச்சத்தில் உங்கள் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/30 நொடியிலிருந்து 1/250 நொடியாகிவிடும்; அசைவு அவ்வளவாகக் கலங்காது. படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொரி (நாய்ஸ்) தட்டும். பரவாயில்லை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். கலங்கிய கண்ணைச் சரிசெய்ய வழியில்லை.

'முக்காலி வைத்தும் கலங்குகிறதே' என்கிறீர்கள். புள்ளி ஆந்தைக் குஞ்சு சும்மா உட்காராது. எதிரில் இருப்பது எவ்வளவு தூரம் என்று கணிக்கத் தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். முக்காலி உங்கள் கையைத்தான் நிறுத்தும், அதன் தலையை அல்ல! ஆட்டத்துக்கு நடுவே ஒரு நொடி நிற்கும்; அப்போது ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுங்கள்.

சந்தேகமென்றால் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பொந்தைச் சுற்றியுள்ள மரப்பட்டையைப் பாருங்கள். பட்டை தெளிவு, குஞ்சு மட்டும் கலங்கல் என்றால் நான் சொன்னதுதான். இரண்டுமே கலங்கியிருந்தால் முக்காலி ஆடுகிறது.

அப்புறம் ஒன்று: ஃபிளாஷ், டார்ச் இரண்டும் வேண்டாம். தாயோ தந்தையோ இரையோடு பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தும் பொந்துக்குப் போகாமல் உங்களையே முறைத்தால், நீங்கள் ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள். படம் கிடைக்காவிட்டாலும் சரி, உடனே பின்வாங்கிவிடுங்கள்.