மகளுக்கு ஒருமுறை, அப்பாவுக்குப் பத்துமுறை

வணக்கம்.

வயது 43. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளை வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்த்தபோது, ஆசையில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசை வரை வந்திருக்கிறோம். டீச்சர் ஒருமுறை பாடினால் மகள் அப்படியே திருப்பிப் பாடிவிடுகிறாள். நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடினாலும் சுருதி விலகுகிறது என்கிறார்கள். வகுப்பில் சுருதிப் பெட்டி 5 கட்டையில் இருக்கும். மகள் தாளம் தப்பினால் தொடையில் தட்டிக் காட்டுவது மட்டும் என் வேலை. சங்கீத ஞானம் பிறவியிலேயே வரவேண்டியதா? நான் நிறுத்திக்கொள்ளலாமா?

(பெயர் வேண்டாம், கோவை)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்துவது பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, மாற்றுங்கள். எண் கூடக்கூடச் சுருதி உயரும். 5 கட்டை உங்கள் மகளுக்குப் பொருந்தும். பெரும்பாலான ஆண் குரலுக்குப் பொருந்தாது. அவள் பாடும் ஸ்தாயியிலேயே (ஏழு சுரங்களின் ஒரு அடுக்கு) பாடினால் மேல் ஷட்ஜத்தை (ஸ) நெருங்கும்போது உங்கள் தொண்டை இறுகும். ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் கீழ் ஷட்ஜம் வெறும் முனகலாகிவிடும். நடுவில் தாவி ஏறி இறங்குவீர்கள், அதற்குள் சுருதி போயிருக்கும். இதை ஞானக் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கட்டை வைப்பது ஆசிரியருக்கு வசதி, அவ்வளவுதான்.

வீட்டில் தம்புரா செயலியை 1 கட்டையில் வையுங்கள். ஒரே மூச்சில் பத்து வினாடி ஷட்ஜம், பிறகு பஞ்சமம் (ப), பிறகு மேல் ஷட்ஜம், அதே வழியில் இறக்கம். செல்போனில் பதிவு செய்து, அரை மணி நேரம் கழித்துக் கேளுங்கள். பாடும்போது தன் குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பதால் பிசகு தெரியாது, பதிவில் தெரிந்துவிடும். 1 கட்டை சிரமமாக இருந்தால் அரைக் கட்டை கூட்டியோ குறைத்தோ பாருங்கள். மேல் ஷட்ஜத்துக்கும் கீழ் பஞ்சமத்துக்கும் முகம் சுளிக்காமல் போய்வர முடிகிற இடம்தான் உங்கள் சுருதி.

அங்கே ஷட்ஜமும் பஞ்சமமும் நின்றால் உங்கள் காதில் கோளாறு இல்லை. அப்போதும் ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் சில இடங்கள் வழுக்கும். அதன் சுத்த ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு (க) நீண்ட தாவல். புதிதாகப் பாடுகிறவர்கள் ரிஷபத்தைச் சற்று உயர்த்தியும் காந்தாரத்தைத் தாழ்த்தியும் அந்த இடைவெளியைத் தங்களுக்குச் சௌகரியமாகக் குறைத்துக்கொள்வார்கள். மேலே தைவதம் (த), நிஷாதத்திலும் (நி) இதே கதை. முழு வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் இது சரியாகாது. ‘ஸ ரி ஸ’, ‘ஸ க ஸ’ என்று ஒவ்வொரு சுரத்தையும் ஷட்ஜத்திலிருந்து தொட்டுத் திரும்புங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் தொண்டை களைக்கும், காதும் மழுங்கும்.

நோட்டு விஷயம். எழுதுவதில் தவறில்லை, வரிசைதான் தவறு. எழுதிவிட்டுப் பாடுகிறீர்கள், பாடிவிட்டு எழுதுங்கள். டீச்சர் அனுமதித்தால் பாடத்தைப் பதிவு செய்து, நாலைந்து முறை வெறுமனே கேட்டு, கூடவே முணுமுணுத்து, அதன்பின் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். விடுபட்ட இடம் எதுவோ அதுதான் மனதில் ஏறாத இடம். பின்னால் தோடி மாதிரி ராகத்துக்கு வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் அவசியப்படும். ஏட்டில் ‘க’ என்று ஓரெழுத்துதான் இருக்கும். அது எங்கே அசைகிறது, எவ்வளவு அசைகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் மகள் ஒருமுறை கேட்டுப் பிடிப்பதை நீங்கள் பத்து முறை கேட்டுத்தான் பிடிப்பீர்கள். அது மாறும் என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஞானம் என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே, அதற்குள் காது, லயம், நினைவு, தொண்டை என்று பல சரக்கு இருக்கிறது. எல்லாம் ஒருவரிடமே சம அளவில் வந்து சேர்வதில்லை. பெரிய வித்வான்களிடமும் அப்படித்தான். ஜி.என்.பாலசுப்பிரமணியத்துக்கு பிருகா, அதாவது அதிவேகச் சுரக்கோவை, மின்னலாய்ப் பாய்ந்தது. எம்.டி.ராமநாதன் அந்தப் பக்கமே போகாமல், மிகத் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில் (மெதுவான நடையில்) தன் பாட்டை அமைத்துக்கொண்டார். அவரை வேகமாகப் பாடச் சொல்லிப் பழக்கியிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

தொடையில் தட்டிக் காட்டுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். தாளம் கெடுவதை உணர்வதே பலருக்கு வராது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து முதல் பாடமான சரளி வரிசைகளில் ஒன்றை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடிப் பாருங்கள்: தட்டுக்கு ஒரு சுரம், இரண்டு, நான்கு. சுரம் இரட்டிக்கும்போது கையும் சேர்ந்து ஓடுவதுதான் வழக்கமான பிழை. உங்கள் கை ஓடாது என்று நினைக்கிறேன். மகளுடையது ஓடலாம்.

டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: மகள் 5 கட்டையில் பாடும்போது நீங்கள் தாளம் மட்டும் போடுவது, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பெட்டியை 1 கட்டைக்கு மாற்றி நீங்கள் தனியாகப் பாடுவது. மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வரும் அலங்காரங்களில் (வெவ்வேறு தாளங்களில் அமைந்த சுரப் பயிற்சிகள்) ஜம்பை தாளம் அவளைத் தடுமாற வைக்கும். அதன் முதல் உறுப்பான மிஸ்ர ஜாதி லகுவில் ஒரு தட்டு, ஆறு விரல் எண்ணிக்கை. சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல் வரை ஐந்து முடிந்ததும் மறுபடி சுண்டுவிரலுக்கு வரவேண்டும். குழந்தைகள் அந்த ஆறாவதை விட்டுவிடுவார்கள். பிறகு மற்ற இரு உறுப்புகள்: அனுதிருதத்துக்கு ஒரு தட்டு, திருதத்துக்குத் தட்டும் வீச்சும், ஆக 10 அட்சரம் (எண்ணிக்கை). பாட்டை நிறுத்திவிட்டு முதலில் தாளத்தை மட்டும் அவளோடு சேர்ந்து போடுங்கள். ‘இதுகூடத் தெரியலையா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.