தமிழ்ல அதிகம் பேசப்படாத வெளிநாட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரைப் பத்திச் சொல்ல முடியுமா?

ஜார்ஜே முர்னு. ருமேனியாக்காரங்களுக்கு ஹோமரை, அதாவது பழைய கிரேக்கக் காவியக் கவியை, அவங்க பாஷையில கொண்டுவந்து சேர்த்தவர்.

வேலைக்காக ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்ல ரெண்டு வருஷம் இருக்கலேன்னா நானும் இந்தப் பேரைக் கேட்டிருக்க மாட்டேன். அங்க யூனிவர்சிட்டி சதுக்கத்துப் பக்கம் பழைய புத்தகக் கடைங்க உண்டு, முர்னு மொழிபெயர்த்த ஹோமரோட போர்க் காவியம் இலியட், அட்டை பிஞ்சுபோனது ஒண்ணை வாங்கிட்டு அப்படியே ஆபீஸ் போனேன், பக்கத்து சீட்டுக்காரர் அதைத் திறந்துகூடப் பாக்காம முதல் வரியை கடகடன்னு சொல்லிட்டார். ஐம்பது வயசு மனுஷன், ஸ்கூல்ல படிச்சதாம்!

சரி, முர்னு கதைக்கு வரேன். 1868ல வெரியாங்கிற ஊர்ல பொறந்தவர், இப்ப அது கிரீஸ்ல இருக்கு, அப்போ துருக்கி சுல்தான் ஆட்சி. அவர் ஆரோமானியர் இனம், அதாவது வ்லாக்னு சொல்றாங்களே அவங்க. அந்தக் காலத்துல அவங்கள்ல நிறையப் பேர் ஆடு மேய்ச்ச சனம், வெயில் காலத்துல மந்தையை ஓட்டிக்கிட்டு மலைக்குப் போவாங்க, குளிர் வந்தா சமவெளிக்கு இறங்கிடுவாங்க. அவங்க பேசுற ஆரோமானியனும் ருமேனியனும் லத்தீன் வழி வந்த அக்கா தங்கச்சி மாதிரி, ஆனா ஒண்ணு கிடையாது, நாம மலையாளம் கேக்குறோமே, கிட்டத்தட்ட அப்படின்னு வெச்சுக்கோங்களேன். ஆக எந்த பாஷையில ஹோமரைக் கொடுத்து பேர் வாங்கினாரோ அது அவரோட வீட்டு பாஷையே இல்ல. எனக்கு அவரைப் பிடிச்சதுக்குக் காரணமே இதுதான்.

படிப்பெல்லாம் பெரிய படிப்பு. ம்யூனிக்ல டாக்டர் பட்டம், 1902ல வந்த ஆய்வு இக்காலக் கிரேக்கத்துல கலந்திருக்கிற ருமேனியச் சொல்லுங்களைப் பத்தி. வழக்கமா எல்லாரும் கிரேக்கம் மத்தவங்களுக்கு என்ன கொடுத்துச்சுன்னுதான் எழுதுவாங்க, இவர் கிரேக்கம் என்ன வாங்குச்சுன்னு கணக்கு பாத்திருக்கார், குசும்பு! அப்புறம் புக்கரெஸ்ட் பல்கலைக்கழகத்துல தொல்லியல் பேராசிரியர், அந்தப் பக்கத்துப் பழைய ஜனங்களான டேசியர்களை ஜெயிச்சதுக்கு ரோமப் பேரரசர் டிராஜன் நினைவுச்சின்னம் கட்டின ஆதம்கிலிசியில அகழாய்வு, 1923ல ருமேனிய அகாடமி உறுப்பினர்.

ஆனா ஜனங்க ஞாபகத்துல நின்னது இலியட்தான். 1906ல ஒரு பகுதி வந்துச்சு, அதுக்கப்புறமும் திருத்திக்கிட்டேதான் இருந்திருக்கார். அந்த முதல் வரியை மட்டும் பாருங்க. கிரேக்கத்துல முதல் சொல்லே 'மேனின்', அதாவது சினம். முர்னு "கின்தெ, ஸெயீத்ஸெ, மிநீயா"ன்னு ஆரம்பிக்கிறார், 'பாடு, தேவி, சினத்தை'. சினம் மூணாவது இடத்துக்குப் போயிடுச்சு (தமிழ்ல 'சினத்தைப் பாடு தேவி'ன்னு சுலபமா முதல்லயே வெச்சுடலாம், இதுல ஒரு அல்ப சந்தோஷம் எனக்கு), ஆனா மேனின், மிநீயா, ஓசை எவ்வளவு கிட்ட வருது பாருங்க. அதோட ஹோமரோட ஆறு சீர் சந்தத்தையும் விடல. கிரேக்கத்துல அது நெடில் குறில் கணக்கு, நம்ம யாப்பு மாதிரி. ருமேனியன்ல அழுத்தம்தான் கணக்கு, அதனால டம்-டட டம்-டடன்னு அழுத்தத்துலயே கட்டியிருக்கார். வாய்விட்டுப் படிச்சா கால் தானா தாளம் போடும்.

இன்னொண்ணு. ஹோமர்ல கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னானை ஜனங்களோட மேய்ப்பன்னு சொல்லுவாங்க, பட்டிக்குள்ள சிங்கம் பூந்துச்சு, மலையில பனி கொட்டுச்சுன்னு உவமை வந்துகிட்டே இருக்கும். மத்த பேராசிரியர்களுக்கு அதெல்லாம் அகராதியில பாத்த சங்கதி, இவருக்கு சொந்தக்கார சனத்தோட பொழப்பு. பழைய நாட்டுப்புற ருமேனியச் சொல்லுங்களை அவ்வளவு தாராளமா அள்ளிப் போட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அதுலதான் சிக்கலும். இப்பத்த பசங்களுக்குப் பாதி வார்த்தை புரியறதில்லன்னு ஆபீஸ்லயே சொன்னாங்க. மூலத்தை இன்னும் நெருக்கமாப் பிடிக்கணும்னு தான் ஸ்லுஷான்ஸ்கின்னு ஒரு அறிஞர் திரும்ப மொழிபெயர்த்தார், 1998ல வந்துச்சு. என் ஓட்டு முர்னுவுக்குத்தான். அரைகுறை ருமேனியன் தெரிஞ்சவன் ஓட்டு, பெருசா எடுத்துக்காதீங்க.

ஹோமரோட இன்னொரு காவியம் ஒடிசி, அதோட மொழிபெயர்ப்பு 1924ல. 1955ல திரும்ப வந்த இலியட்டுக்கு முன்னுரையும் விளக்கமும் எழுதினது பிப்பிடிங்கிற இன்னொரு பெரிய அறிஞர், அப்போ முர்னுவுக்கு 87 வயசு. 1957ல போய்ச் சேர்ந்துட்டார்.

ருமேனியன்லயும் கவிதை எழுதியிருக்கார். ஆனா அறுபது தாண்டினப்புறம், 1931ல, ஆரோமானியன்ல ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார், அதோட பேர்ல முதல் சொல் 'பாயிர்'. நம்ம பாயிரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எனக்குத்தான் காதுல அப்படி விழுந்துச்சு. பாயிர்னா சரம், மணியெல்லாம் கோத்துப் போடுவாங்கல்ல, அந்தச் சரம்.