விசா முடிய 3 வாரம், ஜெர்மனியில் அப்பாயின்ட்மென்ட் இல்லை: என்ன செய்வது?

வணக்கம். வேலை விசா 3 வாரத்தில் முடிகிறது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேதியே கிடைக்கவில்லை, தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதறாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் எப்போது என்பது இங்கே முக்கியமில்லை. விசா முடியும் முன் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆன்லைன் வசதி இருந்தால் இன்றே போட்டு, வந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் பதிவுத் தபால். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று, வீட்டு முகவரிப் பதிவு எல்லாவற்றின் நகலும் கூடவே போகட்டும்.

அப்படிப் போட்டால், குடியிருப்புச் சட்டம் 81(4)-இன்படி முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடரும். வேலையும் தொடரலாம். அதற்கான சான்றுத் தாளின் பெயர் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங். அதைக் கேட்டு வாங்குங்கள். கையில் வந்ததும் 81(4) என்ற வரிக்கு எதிரே குறியிட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 81(3) என்றிருந்தால் வெளியே போய் அதை வைத்துத் திரும்ப முடியாது.

அந்தத் தாள் இல்லாமல் தயவுசெய்து விமானம் ஏறாதீர்கள். தாள் இருந்தும் சென்னை கவுன்டரில் என்னை ஓரமாக நிறுத்தினார்கள். இது என்ன காகிதம் என்று மூன்று பேர் மாறி மாறிப் புரட்டினார்கள். பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். இரண்டையும் கைப்பையிலேயே வையுங்கள்.

அப்புறம், ப்ளூ கார்டு (உயர் தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான குடியிருப்பு அனுமதி) கிடைத்தால், பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வுக்கு உடனே படிக்கத் தொடங்குங்கள். அதில் தேறினால், நிரந்தரக் குடியிருப்புக்கு 27 மாதத்துக்குப் பதில் 21 மாதத்திலேயே விண்ணப்பிக்கலாம்.