தோசையா கேட்டாள் உங்கள் மகள்?

கேள்வி: எனக்கு வயது 51. கணவர் விசைத்தறிக் கூடம் நடத்துகிறார். ஒரே மகள், வயது 24, பெங்களூருவில் வேலையில் இருக்கிறாள். இரவில் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டிலிருக்கும் கணவரின் அண்ணனும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். போன மாதம் மகள் வந்திருந்தபோது, சாதி மாறிக் காதலித்ததற்காக ஓர் இளைஞனை வெட்டிக் கொன்ற செய்தி ஓடியது. என் கணவர், ‘பெத்தவன் வயித்தெரிச்சல் யாருக்குத் தெரியும்’ என்றார். அவருடைய அண்ணன், ‘உடுமலைப்பேட்டை கேசுல பொண்ணோட அப்பனைக் கோர்ட்டே விட்டுடுச்சு, சட்டமே பெத்தவங்க பக்கந்தான்’ என்றார். மகள் பதிலுக்குப் பதில் பேச, சத்தம் தெருவரை கேட்டது. நடுவில் என்னிடம், ‘நீ என்ன நினைக்கறேம்மா?’ என்று வேறு கேட்டாள். ‘எனக்கென்ன தெரியும் கண்ணு, தோசை ஆறிப் போகுது, சாப்பிடு’ என்று சமாளித்தேன். அவள் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். இப்போது போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இனிமேல் அரசியல், சாதி, மதம் என்று சர்ச்சையான எதையும் வீட்டில் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கலாம் என்றிருக்கிறேன். தீபாவளிக்கு அவள் வருவதற்குள் அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்: சகோதரி, அந்தக் கட்டுப்பாட்டை எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. இப்படி ஒரு கொலைச் செய்தி வந்த பத்துப் பதினைந்து நாட்களில் உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் என் மேசைக்கு வந்துவிடும். ஊர் மாறும், தொழில் மாறும், முதலில் வாய் திறந்தவர் மாமனாரா கணவரா என்பது மாறும். கடைசி வரி மட்டும் மாறாது. பேச்சை நிறுத்துவது எப்படி என்பதே எல்லோருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் கணவர் சொன்னது இருக்கிறது, அவருடைய அண்ணன் சொன்னது இருக்கிறது, தெருவுக்குக் கேட்டுவிட்டதே என்ற கவலை இருக்கிறது. இவற்றுக்கு நடுவில், போகிற போக்கில், மகள் உங்களிடம் ‘வேறு’ கேட்டாள் என்று ஒரு வரி. அடுப்பில் பால் பொங்குகிறது, அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் வேறு வந்து நிற்கிறார் என்று சலித்துக்கொள்வோமே, அந்த ‘வேறு’ அது. இருபத்து நான்கு வயதுப் பெண், அந்த இரவில் அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வியைத் தன் தாயிடம் கேட்டிருக்கிறாள். அது உங்களுக்குக் கூடுதல் தொந்தரவாகப் பட்டிருக்கிறது. எனக்கு எழுதும்போதாவது அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பீர்கள் என்று கடிதத்தை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்குமே இல்லை.

அப்பா என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். பெரியப்பா என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததுதான். தெரியாதிருந்தது உங்கள் மனம் ஒன்றுதான். பெற்றோர் தம்மைப் பற்றிச் சொல்வதைவிட, ஊரார் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைத்தான் பிள்ளைகள் கவனமாகக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். ‘நானாக இருந்தால்?’ என்று எந்தப் பெண்ணும் தோசைத் தட்டின் முன் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்பதில்லை. செய்தியில் வந்த யாரோ ஒருவனைக் காட்டித்தான் கேட்பாள். அதற்குக் கிடைத்த பதில் தோசை ஆறிப் போகிறது என்பது.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு யாருடனாவது பழக்கம் இருக்குமோ என்று பதறி, அவளுடைய தோழிகளுக்குப் போன் போட்டுத் துருவத் தொடங்குவீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யாராவது இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் நீங்கள் அவளுக்குத் தர வேண்டிய பதில் ஒன்றுதான்.

‘எனக்கென்ன தெரியும்’ என்றீர்கள். சரி, தெரிந்துகொள்ளுங்கள். உடுமலைப்பேட்டை உங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை, பக்கத்து மாவட்டம். 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, மணமாகி எட்டு மாதமான தம்பதியை ஒரு கும்பல் அரிவாளால் வெட்டியது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, நாடே பார்த்தது. கணவன் இறந்தான், மனைவி காயங்களோடு உயிர் பிழைத்தாள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தந்தை சதி செய்தார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. மற்ற ஐவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஆதாரம் போதவில்லை என்று ஒருவரை விடுவிப்பதும், பெற்றவர்கள் கொல்லலாம் என்று சொல்வதும் ஒன்றா? உங்கள் கணவரின் அண்ணன் பாதித் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு முழு நியாயம் பேசியிருக்கிறார். அந்த மீதிப் பாதியை எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் உங்கள் மகளைத் தவிர யாரும் இல்லை.

சட்டம் யார் பக்கம் என்பதும் ஒன்றும் ரகசியமில்லை. வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இத்தகைய கொலைகளில் கௌரவம் என்று எதுவும் இல்லை என்பதை 2006-லேயே சொல்லிவிட்டது. விருத்தாசலம் பக்கத்தில் 2003-இல் ஒரு தம்பதிக்கு மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்த வழக்கில், பெண்ணின் உடன்பிறந்தவனுக்கும், வழக்கைத் திசை திருப்பிய போலீஸ்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இருபத்திரண்டு வருடம் ஆனது என்பது வேறு வேதனை.

இப்படிப்பட்ட பேச்சில் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கம் என்றுதான் நானும் வளர்க்கப்பட்டேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டதை ஒட்டி எழுந்த தகராறில், ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த நாற்பத்து நான்கு பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்து வட்டாரத்தில் எங்கள் வீடு. திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு என் அப்பா, கூலி விஷயத்தில் இவர்களுக்கு இத்தனை பிடிவாதம் ஆகுமா என்று வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கு ஓடிப் போய், ‘சின்னப் பிள்ளைங்களுமாம்மா?’ என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊதுகுழலை எடுத்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதினார். ‘போய்ப் படி’ என்றார். 1973-இல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தபோதும் எங்கள் வீட்டில் அதே திண்ணை, அதே பேப்பர், அதே அடுப்படி. 2001-இல், படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு ஒரு நாள், நான் எதுவும் கேட்காமலே, ‘வெண்மணி நடந்தப்ப மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலைடி’ என்றார் அம்மா. முப்பத்து மூன்று வருடம் அவரை அப்பா கட்சி என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் அவரிடம் சொல்லாமல் விட்டவை எத்தனையோ. அவற்றை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

பெரியவர்கள் பேச்சுக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் மகள் அப்பாவிடம் தெருவுக்குக் கேட்கும்படி கத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் இதைப் படித்தால் என் மேல் கோபப்படட்டும். ஆனால் அந்த வீட்டில் அந்த இரவு அவள் இரண்டு பேருக்காகப் பேச வேண்டியிருந்தது. பேச வேண்டிய இன்னொருத்தி தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு எதிரே நாலு பேர் முன்னால் பேசாமலிருப்பது மனைவியின் நாகரிகம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்த இரவு மாடிப்படி ஏறிப் போய், மகள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்ல எந்த நாகரிகம் தடுத்தது? விடிகாலை பஸ்ஸுக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தபோதுகூட, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். துக்க வீட்டில், கல்யாணப் பந்தியில், ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பவரிடம் சாதியும் மதமும் தேர்தலும் பேசாதிருப்பது விவேகம். அந்த விவேகம் உங்கள் கணவருக்கும் உண்டு. ‘பெத்தவன் வயித்தெரிச்சல்’ என்ற அந்த வாக்கியத்தை அவர் தம் தறிக்கூடத்தில் நின்று, பாவு பிணைக்கிறவர்களும் தார் சுற்றுகிறவர்களும் காதில் வாங்கும்படி சொல்வாரா? சொல்ல மாட்டார். அங்கே எந்தத் தெருவிலிருந்து யார் வேலைக்கு வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆள் பார்த்து, இடம் பார்த்துப் பேசத் தெரிந்த மனிதர், சொந்த மகள் முன்னால் மட்டும் அந்தக் கணக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்காருகிறார். நீங்கள் கொண்டுவர நினைக்கும் கட்டுப்பாடு அவரைக் கொஞ்சமும் கட்டாது. அவர் நினைப்பு நினைப்பாகவே இருக்கும், மகளின் கேள்வியும் கேள்வியாகவே இருக்கும், நடுவில் டிவி மட்டும் அணைந்திருக்கும். சாப்பிடும்போது டிவியை அணைப்பது நல்ல பழக்கம்தான். அதை வயிற்றின் பொருட்டுச் செய்யுங்கள்.

ஆகவே கணவரிடம் பேசுங்கள். அண்ணன் இல்லாத நேரத்தில், தனியாக. காதல் திருமணம் சரியா தவறா என்று விவாதிக்கப் போகாதீர்கள். அதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கலாம், உங்களுக்கு ஒன்று இருக்கலாம், அதைப் பல வருடம் பேசலாம். பெற்றவர்களுக்கு ஒரு வரன் பிடிக்காமல் போகலாம், வருத்தப்படலாம், கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். அரிவாள் அந்த வரிசையில் வருவதே இல்லை. கொல்லப்பட்டவனையும் ஒருவன் பெற்றிருக்கிறான், அந்த வயிற்றெரிச்சல் யாருக்குத் தெரியும் என்று அவர் வார்த்தையையே திருப்பிக் கேளுங்கள். பிறகு, ‘ஏனுங்க, கொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை, புள்ள காதுல விழற மாதிரி சொல்லீருங்க’ என்று மட்டும் கேளுங்கள். வாய் தவறி, பழக்கத்தில் சொன்னவராக இருந்தால் இது அவருக்கு ஒரு நிமிட வேலை. பெரும்பாலான அப்பாக்கள் அப்படித்தான், பேச்சில் இருக்கும் வீராப்பு கையில் இருப்பதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்றால், அதையும் தீபாவளிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது தாயாகிய உங்கள் கடமை. மகள் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதையே அப்போது வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும். மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களை இன்னொரு முறை படியுங்கள்.

கணவரின் அண்ணனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் வீட்டில், உங்கள் கையால் சாப்பிடுகிறவர். தீர்ப்பின் மீதிப் பாதியை அவருக்குச் சட்னி பரிமாறும்போதே சொல்லிவிடலாம்.

மகளிடம் பேசுவதற்குத் தீபாவளி வரை காத்திருக்காதீர்கள், இன்றிரவே அழையுங்கள். சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்க வேண்டாம். அன்றைக்கு நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஆரம்பியுங்கள். பிறகு என்ன நினைக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை, தடுமாறினால் தடுமாறுங்கள். உங்கள் எண்ணமும் கணவரின் எண்ணமும் ஒன்றேதான் என்றால், மகளை அழைப்பதற்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு நான் தர வேண்டிய பதில் வேறு. அப்படி இல்லையென்றால், சொல்லி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. அந்த இடைவெளியில் பேச்சை மாற்றி, என்ன குழம்பு வைத்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.